ருசி மட்டும் பார்த்த அணில்

ஒரு காட்டில், ஓங்கி வளர்ந்த நாவல் மரத்தில், மினுக்கி என்றோர் அம்மா அணில் இருந்தது. வாதாடுவதில் அதை யாரும் ஜெயித்ததே இல்லை.

மினுக்கியின் வீடு ஒரு பொந்து. மரங்கொத்தி அளவு பார்த்துக் கொத்திக் கொடுத்தது. அணில் நுழையலாம், காட்டுப்பூனை நுழைய முடியாது. அப்படி ஒரு வாசல்.

ஒரு நாள் காலை அந்த வாசலில் மினுக்கியின் இடுப்பு இறுகியது. மூச்சை அடக்கி, நெளிந்து, தொப்பென்று உள்ளே விழுந்தது. விழுந்த வேகத்தில் மறுபடி நெளிந்து வெளியே வந்து கத்தியது.

"மரங்கொத்தி அண்ணே! என்ன வேலை பார்த்திருக்கீங்க? வாசல் சுருங்கிப் போச்சு!"

"மரம் சுருங்குமா தங்கச்சி? நீ என்ன சாப்பிடுறே?"

"ஒரே வேளைதான்! மத்தியானம் நாலு பழம்."

"இப்போ வாயில் என்ன?"

"இதுவா? பழுத்திருக்கான்னு ருசி பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாமா?"

"அவங்க மிச்சம் வைக்கிறது?"

"வீணாக்கச் சொல்றீங்களா? இது நியாயமா?"

"நேற்று கிளி வீட்டுக் கொய்யா?"

"மரியாதைக்கு ஒரு கடி!"

"வம்பளக்கும்போது கொறிக்கிற விதை?"

"பேசத் தெம்பு வேண்டாமா? இதெல்லாம் சாப்பாடா அண்ணே? கணக்கிலேயே வராது! பேசாம வாசலைப் பெரிசாக்குங்க."

"பெரிசாக்கினால் பூனையும் உள்ளே வரும். என்னால் முடியாது" என்று மரங்கொத்தி பறந்துவிட்டது.

"தோற்றுட்டார்! ஓடுறார்!" மினுக்கி வாலைத் தூக்கி ஆடியது. ஜெயித்த சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பழம் உள்ளே போனது. ருசிதான்!

கீழே புதர் அசைந்தது. பூனை!

பிள்ளைகள் இரண்டும் பொந்துக்குள் சரேலென்று மறைந்தன. மினுக்கியும் பாய்ந்தது. தலை போனது. கை போனது. இடுப்பு போகவில்லை.

"அம்மா, உள்ளே வா!"

"வந்துகிட்டுத்தானே இருக்கேன்! இழுங்கடா!"

பூனை அவசரப்படாமல் மரமேறி வந்தது. "அடடா, வாசலில் தோரணம் கட்டியிருக்காங்களே!"

பொந்துக்குள்ளிருந்து மினுக்கி கத்தியது. "பூனையாரே! மாட்டிக்கொண்டவளைத் தின்பது நியாயமா? முதலில் அதைப் பேசுவோம்!"

"தின்பதா? இன்று நான் விரதம். ருசி மட்டும்தான் பார்க்கப் போறேன். இப்போதான் புதருக்குள்ளிருந்து உன் பேச்சைக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி, இதெல்லாம் கணக்கிலேயே வராது!"

மினுக்கி பின்னங்கால்களால் மரத்தை உந்தித் தள்ளியது.

நறுக்!

"ஐயோ!" என்ற துள்ளலில், பிள்ளைகள் இழுத்த இழுப்பில், மினுக்கி உள்ளே போய் விழுந்தது. பாதி வால் மட்டும் பூனையின் வாயில்.

மறுநாள் கிளி கொய்யாவோடு வந்தது. "ஒரே ஒரு கடி, மினுக்கி?"

மினுக்கி தன் மொட்டை வாலைத் திரும்பிப் பார்த்தது.

"மத்தியானம் கொண்டு வா. அதுவும் சாப்பாடுதான்."

நீதி: சும்மா ஒரு வாய்தானே என்று நாம் கணக்கில் சேர்க்காமல் விட்டதை உடம்பு விடுவதில்லை.