பச்சையா, பழுப்பா?

திருச்சியில் மாடல் விமானப் போட்டி என்றால் நடுவர் ரங்கபாஷ்யம்தான். பழைய போர் விமானங்களின் நிறங்களைப் பற்றித் தலையணை மாதிரி இரண்டு புத்தகம் எழுதிய மனுஷன். ஒரே விமானத்தை முதல் புத்தகத்தில் பச்சை என்றார், இரண்டாவதில் பழுப்பு என்றார். தப்பு என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது.

நம்பர் பிளேட் எழுதும் பூங்கோதை அந்த விமானத்தைச் செய்து பச்சை அடித்தாள். நடுவர் தன் இரண்டாம் புத்தகத்தைக் காட்டிப் போட்டியிலிருந்து தள்ளிவிட்டார். மறுவருஷம் பழுப்பு அடித்தாள். முதல் புத்தகத்தைக் காட்டினார்.

"அடுத்த தடவை என் ரெண்டு புத்தகத்துக்கும் ஒத்துவரணும். இல்லேன்னா இந்தப் பக்கமே வராதே!"

வந்தாள். விமானத்தின் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் பழுப்பு.

"என்னம்மா கூத்து இது?" என்று குதித்தார் ரங்கபாஷ்யம். தூரத்தில் நின்ற கூட்டம் என்னவோ ஏதோ என்று நெருங்கத் தொடங்கியது.

பூங்கோதை பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். "எந்தப் பக்கம் தப்பு சார்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

அவர் விமானத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு கூட்டம் வந்து சேர்வதற்குள், ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி அவசரமாக அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, முதல் பரிசு அட்டையை முன்னால் வைத்தார்.

யாராவது திருப்பிப் பார்த்துவிடுவார்களோ என்று, சாயங்காலம் வரை டீ குடிக்கக்கூட அங்கிருந்து நகரவில்லை.