கூடு கட்டப் படித்த குருவி

ஒரு குளக்கரையில், தண்ணீரின் மேல் சாய்ந்து நின்ற வேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. பக்கத்து ஆலமரப் பொந்தில் கிளி வாத்தியார் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பாடம், கூடு கட்டுவது. பிறந்ததிலிருந்து பொந்திலேயே குடியிருப்பவருக்கு இந்தப் பாடம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை அழகாகச் சொல்லிக்கொடுப்பார்!

அங்கே முதல் மாணவன், வண்ணன் என்ற குருவி. கூட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுப் பாடும். பெண் குருவி வந்து உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கும். பிடித்தால்தான் கல்யாணம்!

வண்ணனுக்குத் தினை என்ற குருவியின் மேல் ஆசை. அவளுக்காகக் கூடு கட்டினான். தினை வந்தாள். உட்கார்ந்து ஓர் ஆட்டு ஆட்டினாள். கூடு பொத்தென்று குளத்தில் விழுந்தது.

“ஐயோ! காஞ்ச புல்லுலயா கட்டினே?”

“பாடத்துல புல்லுன்னுதானே இருந்துச்சு!”

தினைக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு வண்ணா. ஆனா பாடத்து மேலயா நான் முட்டை வைக்கிறது? மலை மேல கருமேகம் ஏறுறப்போ மறுபடி வருவேன். அப்பவும் கூடு இல்லேன்னா, வேற மரம் பார்த்துப் போயிடுவேன்!”

வண்ணன் உடனே அடுத்த கிளையில் கூடு கட்டிக்கொண்டிருந்த மண்டையனிடம் ஓடினான். மண்டையனுக்கும் அவன் வயதுதான். சரியான வாயாடி.

“என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கடா!”

“வாங்க, முதல் மாணவரே! பச்சைப் புல்லை நார் நாரா கிழிச்சுக் கொடு. ஒப்பிக்காம கிழி!”

கிழித்ததெல்லாம் பாதியில் அறுந்தது. அலகு வலித்தது. “உனக்கு மட்டும் எப்படிடா வருது?”

“எனக்கா? அதோ தொங்குதே அரைகுறைக் கூடுங்க, அத்தனையும் நான் கெடுத்ததுதான்!”

வண்ணன் மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். பச்சை நார், பின்னிய பிறகு காய்ந்து இறுகுவதை அலகாலேயே தெரிந்துகொண்டான். பிறகு தனியாக ஒரு கூடு கட்டினான். கோணலாக வந்தது. தானே பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டினான்.

மலை மேல் மேகம் ஏறியது. தினை வந்தாள். உட்கார்ந்தாள். ஆட்டினாள். காற்றும் சேர்ந்து ஆட்டியது. கூடு ஆடியது, அறுந்து விழவில்லை. உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை!

“தினை! என்ன ஆச்சு?”

“என்ன நின்னுக்கிட்டிருக்கே? மழை வருது! மீதியைக் கட்டு!”

வண்ணன் சந்தோஷத்தில் கிளையிலிருந்து விழப் பார்த்தான்.

மழை விட்டதும் கிளி வாத்தியார் பறந்து வந்தார். “சபாஷ்! எப்படிக் கட்டினே? சொல்லு, பாடத்துல சேர்த்துக்கிறேன்!”

வண்ணன் ஒரு பச்சைப் புல்லை அன்போடு அவர் அலகருகே நீட்டினான்.

“சொன்னா வராது வாத்தியாரே. இந்த முனையைப் பிடிச்சுக் கிழிங்க!”

ஒப்பித்த பாடம் வாயோடு நின்றுவிடும். செய்து, கெடுத்து, மறுபடியும் செய்த வேலைதான் நமக்குச் சொந்தமாகும்.