எட்டு வரும் எண்

கோயம்புத்தூர் கிரைண்டர் வியாபாரி நாச்சிமுத்துவுக்குக் கடையின் வலைத்தளத்தைப் புதுப்பிக்க ஆசை வந்தது. கூடவே எண்கணிதம் பார்க்கும் சதானந்தமும் வந்து சேர்ந்தார். விரலுக்கொரு மோதிரம், வாய்க்கு ஓய்வே கிடையாது.

"ஒவ்வொரு பக்கத்தோட முகவரியையும் எழுத்தெழுத்தா எண்ணாக்கிக் கூட்டினா எட்டு வருது. எட்டு ஆகாது. அத்தனையும் மாத்தணும்" என்றார்.

வலைத்தள வேலை பார்க்கும் சுகந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, கூகுள்ல தேடினா நம்ம கடைதான் முதல்ல வருது. முகவரி மாறுனா அதுக்கு நம்மளைத் தெரியாதுங்க. பழைய முகவரிக்கு வர்றவங்களைப் புதுசுக்குத் திருப்பியாவது விடலாங்க."

"எட்டோட வாசமே இருக்கக் கூடாது!" என்றார் சதானந்தம்.

நாச்சிமுத்து மேசையைத் தட்டினார். "எல்லாம் மாறணும், முதலிடமும் போகக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே அம்மணி."

சுகந்தி மேசைமேல் கிடந்த சதானந்தத்தின் விசிட்டிங் கார்டை எடுத்தாள். விரல் விட்டுக் கூட்டினாள்.

"உங்க போன் நம்பரும் எட்டுத்தானுங்க. இன்னைக்கே மாத்திருங்க, பழைய சிம்மை நானே உடைச்சுப் போடறேன்."

சதானந்தம் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "ஐயோ! ஊரே இந்த நம்பரைத்தான் வெச்சிருக்கு. மாத்தினா யாரு என்னைக் கூப்பிடுவாங்க?"

நாச்சிமுத்து அவரைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

வலைத்தளம் புது மாப்பிள்ளைபோல மின்னியது. முகவரிகள் அப்படியே இருந்தன, முதலிடமும் அப்படியே இருந்தது. அடுத்த மாதம் சதானந்தமே தனக்கொரு வலைத்தளம் கேட்டு வந்தார்.

"எந்த நம்பருங்க போடட்டும்?"

"அதே நம்பர்தான் அம்மணி" என்றார், "கொஞ்சம் பெருசாவே போடு."