ஒழுகும் இடம்

"நாலு தடவை பூசிட்டேன். நாலு தடவையும் ஒழுகுது. இந்தத் தடவை நானே ஒழுங்காக் கத்துக்கணும். சொல்லித் தருவியாம்மா?"

நல்லபெருமாள் கீழே நின்று இப்படிக் கேட்டபோது, ரேணுகா ஒரு பேருந்தின் கூரைமேல் குந்தியிருந்தாள். கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகளில், கூரை ஒழுகினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது.

கேட்டவருக்கு அறுபத்து மூன்று. இயற்பியல் வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து வீடாக்கி, மனைவி கோமதியோடு மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார்.

இப்போது தனியாக வந்திருந்தார்.

"எங்க ஒழுகுதுங்க சார்?"

"பின்னாடி. கட்டிலுக்கு நேர் மேல."

"எங்க பூசுனீங்க?"

"அங்கதான். வேற எங்க பூசுவாங்க?"

அவள் இறங்கி வந்து அவருடைய வேனின் மேல் ஏறினாள். அவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.

தகடும் தகடும் சேருகிற இடத்தில், ஒழுகலை அடைக்கிற சீலன்ட் பசை விரல் தடிமனுக்கு மேடு கட்டிக் கிடந்தது. வெள்ளை. அதன்மேல் சாம்பல். மறுபடியும் வெள்ளை. மறுபடியும் சாம்பல்.

ரேணுகா சுரண்டியால் ஓரத்தை நெம்பினாள். மொத்தமும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில், வேன் கட்டியபோது போட்ட பூச்சு கீறல்கூட விழாமல் இருந்தது.

"இங்க ஒண்ணுமே ஆகலைங்களே, சார்."

"பின்ன எங்க?"

"தெரியலைங்க."

நல்லபெருமாளுக்குச் சப்பென்று போய்விட்டது. தெரியவில்லை என்று சொல்கிற ஆளிடமா இவ்வளவு தூரம் வந்தோம்?

"நீங்க உள்ள போங்க சார். உள்கூரைப் பலகையைக் கழட்டிட்டு உக்காந்து பாருங்க. நான் தண்ணி அடிக்கிறேன். உள்ள வந்துச்சுன்னா ஒரு தட்டுத் தட்டுங்க."

"நான் மேல நின்னுல்லா கத்துக்கணும்?"

"மேல நின்னா ஒழுகுறது தெரியாதுங்க."

போனார். பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

முதலில் பின்பக்கம் தண்ணீர் விழுந்தது. பத்து நிமிஷம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

பிறகு நடுப்பகுதி. அங்கேயும் இல்லை.

பங்குனி வெயிலில் தகரம் கொதித்தது. கழுத்து வலித்தது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவர் இப்படி உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்ததில்லை. குனிந்தபோது தரையில் கோடுகள் தெரிந்தன. கட்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இழுத்து விழுந்த கோடுகள். அவர் மேலே பூசிக்கொண்டிருந்தபோது கோமதி ஒற்றை ஆளாக இழுத்தவை.

தண்ணீர்ச் சத்தம் முன்பக்கம் நகர்ந்தது. அடுப்புக்கு மேலே, புகை போவதற்காக வைத்த துவாரத்தைச் சுற்றி விழுந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துவாரத்தின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு ஈரம் கிளம்பியது. இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் வந்தது. கட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்று, அவர் புறங்கையில் சொட்டியது.

தட்டினார்.

உடனே தண்ணீர் நின்றது. ஏணியில் காலடிச் சத்தம். ரேணுகா வாசலில் வந்து நின்றாள்.

"எங்கீங்க?"

துவாரத்தைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்து, "அதானே" என்று திரும்பினாள்.

"ஏம்மா, ஒரு தட்டுத்தான தட்டுனேன். அதுக்குள்ள இறங்கி வந்துட்டியே?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நீங்க கூப்பிட்டீங்களே, சார்."

சுரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டாள். அவரும் கூடப் போயிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளத்தானே வந்தார். ஆனால் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன ஐப்பசியில், மண்டபம் என்ற கடலோர ஊரில், மழை சற்று விட்ட நேரம். அவர் சீலன்ட் குழாயோடு கூரைமேல் இருந்தார். உள்ளே இருந்து கோமதி கரண்டியால் தட்டினாள். முன்பக்கம், அடுப்புக்கு நேரே.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று கத்தினார்.

மறுபடி தட்டினாள்.

அவர் காலால் கூரையை ஓங்கி மிதித்தார். சத்தம் நின்றது.

மறுநாள் காலையில் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறினாள். "மெத்தை நனைஞ்சதுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். "கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். ஐந்து மாசமாகிறது. கூரையைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மேலே, முன்பக்கத்தில், ரேணுகா சுரண்டத் தொடங்கியிருந்தாள்.

போனை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள் கோமதி.

"கோமு, ஒழுகுறது பின்னாடி இல்ல. முன்னாடி. அடுப்புக்கு மேல."

அவர் புறங்கையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மண்டபத்துல நீ அதுக்குத்தான தட்டுன?"

"அதுக்கும்தான்" என்றாள்.