வடிகால் வாயில் நின்ற சேம்பு

அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பேச்சு இருந்தது. செடிகொடிகளுக்கும் இருந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: மனிதர்கள் முதலில் கேட்டால்தான் அவை பதில் சொல்லும். மனிதர்களுக்கோ அடுத்தவரைக் கேட்கிற வழக்கமே இல்லை. அதனால் பல காலம் அவையும் வாயைத் திறக்காமலேதான் இருந்தன.

ஆற்றோரச் சமவெளியில் ஓர் ஊர். அங்கே எல்லாரும் நெல் விளைவிக்கிறவர்கள். வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்துவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மண்ணை அணைத்து, மிதித்து, கையால் தடவிவிட்டால் போதும், ஒரு சொட்டுக் கசியாது. நிறுத்தத் தெரிந்த அவர்களுக்கு விடத் தெரியாது. வீடு தேடி வந்த சீதேவியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதா என்பார்கள். வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போக மாட்டார்கள். வடிகால் என்ற பேச்சே அந்த ஊரில் கிடையாது. சிரிக்காதீர்கள். ஊருக்கு ஒரு கிறுக்கு உண்டு, அவரவர் கிறுக்கு அவரவருக்குத் தெரியாது.

அந்த ஊரில் உத்திராபதி என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டி பெயர் மருதாயி. ஊரிலேயே பள்ளமான இடத்தில் அவர்கள் வீடு. மண் சுவர், கீற்றுக் கூரை, பின்னால் ஒரு கொல்லை. ஐப்பசியில் கொல்லையில் நிற்கிற தண்ணீர் தை பிறந்தாலும் வற்றாது. கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் சேறு. சுவரில் ஈரம் முழ உயரம் ஏறி நிற்கும். வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தால் விடியும்போது பாயைப் பிழியலாம்.

அந்த ஈரத்தில் மருதாயி இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். மூத்தது பெண், பதினோரு மாதம் இருந்தது. அடுத்தது ஆண், நாற்பது நாள்கூட முழுசாக இல்லை. இரண்டையும் குளிர்ச்சுரம் கொண்டுபோயிற்று. இரண்டுக்கும் உத்திராபதிதான் ஆற்று மேட்டில் குழி வெட்டினான். திரும்பி வந்து மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, வயலுக்குப் போய்விட்டான்.

மூன்றாவது முறை மருதாயிக்கு நாள் தள்ளியது. ஐப்பசியில் பேறு என்று மருத்துவச்சி விரலை மடக்கிச் சொன்னாள். ஐப்பசி என்றதும் மருதாயி எழுந்துவிட்டாள். புருஷனிடம் போய், இந்தத் தரை காயாவிட்டால் இந்தப் பிள்ளையும் நமக்கு இல்லை, எதையாவது செய்யுங்கள் என்றாள்.

அவனும் செய்தான். பாவம், அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். ஆவணி முழுக்கக் கூடை கூடையாக மண் சுமந்து, வீட்டையும் கொல்லையையும் சுற்றி இடுப்பளவுக்கு வரப்புப் போட்டான். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது என்பது அவன் எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் மழை வானத்திலிருந்து அல்லவா பெய்கிறது? வானத்துக்கு எவன் வரப்புப் போட முடியும்?

ஐப்பசி பிறந்தது, அடைமழை பிடித்தது. பெய்ததெல்லாம் அந்த நல்ல வரப்புக்குள்ளேயே நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கொல்லைப்பக்கச் சுவர் ஊறி உப்பிக்கொண்டது, அடியில் ஒரு வெடிப்பும் விட்டது. உத்திராபதி மழையில் நனைந்துகொண்டு வரப்பை இன்னும் உயர்த்திக்கொண்டிருந்தான். மருதாயிக்கு அன்று காலையிலேயே இடுப்பு வலி எடுத்துவிட்டது.

அவள் கொல்லைக் கதவைத் திறந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரே சேற்று நிறத்தில் தண்ணீர், அசைவே இல்லாமல் நின்றது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அந்தத் தண்ணீரையே திட்ட ஆரம்பித்தாள். இரண்டைத் தின்றாயே, வயிறு நிறையவில்லையா, இதற்கும் வந்து காத்திருக்கிறாயா என்று அழுதாள். அப்புறம், அழுகையின் நடுவில், அதுவரைக்கும் ஊரில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஏன் தாயே, இங்கயே நிக்கிற?"

கேட்டுவிட்டாள் அல்லவா, தண்ணீர் பதில் சொன்னது.

"நிக்கணும்னு எனக்கென்ன ஆசையா மகளே? ஓடறதுதான் என் பிறப்பு. வர்றதுக்கு ஆயிரம் வழி வெட்டினீங்க, போறதுக்கு ஒண்ணு வெட்டினீங்களா? நின்னு நின்னு நானே அழுகிக் கிடக்கிறேன். என் அழுகல்தான் உன் பிள்ளைங்களைத் தொட்டது."

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழி வெட்டினால் போய்விடுவாயா என்று கேட்டாள். போய்விடுவேன், கொல்லைக்குப் பின்னால் இருபதடியில் ஓடை இருக்கிறது என்றது தண்ணீர். ஆனால் ஒரு சங்கடத்தையும் சொன்னது. இவ்வளவு நாள் அடைத்து வைத்த தண்ணீர் ஒரே மூச்சில் ஓடும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டுதான் போகும், சுவரின் அடிமண்ணும் அதோடு போகும், சுவர் போனால் கூரை போகும். வழியின் வாயில் யாராவது வேரை ஊன்றி நிற்க வேண்டும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, நிற்பவர் மேல்தான் இத்தனை வருஷத்து அழுகலும் இறங்கும்.

அந்தக் காலத்தில் நெல்லைத் தவிர மற்றச் செடிகள் எல்லாம் மேட்டில்தான் இருந்தன. ஈரத்தில் கால் வைக்க ஒன்றுக்கும் மனசில்லை. மருதாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்பக்க மேட்டுக்கு வந்தாள். முருங்கையைக் கேட்டாள். அது, தண்ணீரில் ஒரு நாள் நின்றால் என் வேர் அழுகிவிடும் அம்மா என்றது. பொய் சொல்லவில்லை, அதன் உடம்பு அப்படி. வாழையைக் கேட்டாள். குலை தள்ளியிருக்கிறேன், நானும் உன்னைப் போலத்தானே என்றது. மருதாயியால் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை.

வாசலை ஒட்டி ஒரு சேம்பு நின்றது. அன்றைக்குச் சேம்பு செல்லச் செடி. கிழங்கு கற்கண்டுபோல இனிக்கும், பச்சையாகவே தின்னலாம். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அதைச் சுற்றியே கிடக்கும். மருதாயியின் மூத்தது தவழ்ந்துபோய் அதன் நிழலில் தூங்கியிருக்கிறது. சேம்புக்கும் பிள்ளைகள் என்றால் உயிர்.

அவள் கேட்பதற்குக் குனிந்தாள். வலி வந்து பேச விடவில்லை. ஆனால் அவள் வாய் அசைந்ததே, அது போதும் என்று சேம்பு எடுத்துக்கொண்டது.

"என்னைப் பிடுங்கு. நான் நிக்கிறேன். உன் மூத்தது போனப்ப ஒண்ணும் பண்ணாம இந்த மேட்டுல நின்னுட்டேன் மருதாயி. அந்தக் குறை எனக்கும் இருக்கு."

மருதாயி அழுதுகொண்டே அதைத் தூரோடு பிடுங்கினாள். கொல்லைக்கு வந்து, சேம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சார்த்தியிருந்த மண்வெட்டியை எடுத்து வரப்பில் ஒரு வெட்டு வெட்டினாள்.

உத்திராபதி ஓடிவந்தான். மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டான். உனக்கென்ன பைத்தியமா, ஊர் நம்மைத் தள்ளி வைத்துவிடும், நாளைக்கு ஒரு ஆத்திரம் அவசரம் என்றால் நம் வாசலை எவன் மிதிப்பான் என்றெல்லாம் சொன்னான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம்தான். எதிர்க்கொல்லையில் இரண்டு பேர் நின்று பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். மருதாயி காம்பை விடவில்லை. கத்தவும் இல்லை.

"ரெண்டு தடவை இந்த மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஆத்து மேட்டுக்குப் போனீங்க. மூணாவதா அங்க போறீங்களா, இல்ல இங்க வெட்டுறீங்களா? இப்பவே சொல்லுங்க. எனக்கு நிக்க முடியல."

உத்திராபதி காம்பை இழுப்பதை விட்டான். பிறகு மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். அவன் போட்ட வரப்பை அவனே வெட்டினான். ஓடை வரைக்கும் இருபதடி, முழங்கை ஆழத்துக்கு, நிமிராமல் வெட்டினான். அழுதுகொண்டே வெட்டினான் என்று எதிர்க்கொல்லைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். மழையில் அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ.

வழி திறக்கும் முன்னால் மருதாயி மண்டியிட்டு, அந்த வழியின் வாயில் சேம்பை ஊன்றினாள். சுற்றிலும் மண்ணை அணைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். உத்திராபதி அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான். மருத்துவச்சி வந்தாள். அவள் ஒருத்திதான் ஊர்க் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் வந்தவள்.

உத்திராபதி வாயில் விட்டிருந்த கடைசி மண்ணையும் வெட்டினான், தண்ணீர் ஓடியது. சேம்பு மூழ்கிப்போயிற்று. பகல் முழுக்க இலை நுனிகூட வெளியே தெரியவில்லை. மண் இழுபடும் இடத்திலெல்லாம் அது வேரை விட்டது, ஒரு வேர் அறுந்தால் இரண்டு வேர் விட்டது. சுவரின் அடிமண்ணில் ஒரு பிடிகூடப் போகவிடவில்லை. தேங்கிக் கிடந்த அழுகல் அத்தனையும் அதன் கிழங்குக்குள் இறங்கியது. பொழுது சாயும்போது கொல்லையில் தரை தெரிந்தது. அதே நேரத்தில் உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை.

தண்ணீர் போகிற போக்கில் சேம்பிடம் நின்று சொன்னது. "உன் காலை நனைச்சுட்டேன். இனி உன் முகத்தை நனைக்க மாட்டேன். இது சத்தியம்." அந்தச் சத்தியத்தை அது இன்றைக்கும் மீறவில்லை. சேம்பிலையில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடும், ஒட்டாது.

பிள்ளைக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தார்கள். ஊர் அவர்களைத் தள்ளித்தான் வைத்தது. பெயர் வைக்க ஒருவரும் வரவில்லை. ஆனால் மார்கழியில் அந்த வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. அஞ்சலைக்கு இருமல்கூட இல்லை. எதிர்க்கொல்லைக்காரனுக்கும் பிள்ளைகள் இருந்தன. அவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? தையில் அவனும் ஒரு வழி வெட்டினான். மாசிக்குள் ஏழெட்டு வீடு வெட்டிவிட்டது. ஒவ்வொருவரும் வந்து மருதாயியிடம் ஒரு பக்கக்கன்று கேட்டு வாங்கிப் போனார்கள். குலை போட்டு முடித்த வாழையும் வெட்கப்பட்டு, என் கன்றையாவது அங்கே வையுங்கள் என்றது. கோரை தானாகவே வந்து சேர்ந்துகொண்டது.

ஆவணியில் அஞ்சலைக்குப் பத்து மாதம். தவழ்ந்து கொல்லைக்குப் போயிருக்கிறாள். வடிகால் ஓரத்தில் கோழி கிளறிப் போட்ட ஒரு சேப்பங்கிழங்கு கிடந்தது. எடுத்துக் கடித்துவிட்டாள். அடுத்த நிமிஷம் வீறிட்டாள். உத்திராபதி ஓடிப்போய்த் தூக்கினான். உதடு வீங்கியிருந்தது, நாக்கு சிவந்திருந்தது, பிள்ளை மூச்சுத் திணறித் திணறி அழுதது. அவனுக்குக் கண்மண் தெரியவில்லை. பிள்ளையை மருதாயியின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையையா கடித்தாய் என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியோடு சேம்பை வெட்டப் போனான்.

சேம்பு தடுக்கவில்லை. "வெட்டிடு. பிள்ளையைக் கடிச்ச நான் இங்க நிக்கக் கூடாது. எனக்குள்ள இறங்குனது இப்படி எரியும்னு எனக்கே தெரியாது" என்றது.

மருதாயி பிள்ளையின் வாயைப் புளித்தண்ணீர் விட்டுக் கழுவினாள். எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. விம்முகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனுக்கும் சேம்புக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளும் அழுதாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

"முதல் ரெண்டுக்கும் எரியறதுக்குக்கூட நாக்கு இல்லாமப் போச்சு" என்றாள். "இதுக்கு இருக்கு. எரியட்டும். எரிஞ்சு, அழுது, என் தோள்ல கிடக்கட்டும்."

உத்திராபதி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மருதாயி அந்தக் கடிபட்ட கிழங்கை எடுத்துக் கழுவினாள். புளியைக் கரைத்து விட்டு வேகவைத்தாள். முதல் வாய் அவள்தான் தின்றாள், அடுத்த வாய் அவனுக்குக் கொடுத்தாள். அரிக்கவில்லை. வெளியே வந்து சேம்பிடம் அதைச் சொன்னாள். சேம்பு பதில் சொல்லவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். பிள்ளை அழுத அன்றோடு அது பேச்சை விட்டுவிட்டது. அது பேசாததால் மற்றச் செடிகளும் ஒவ்வொன்றாக, கடைசியில் தண்ணீரும், பேச்சை நிறுத்திக்கொண்டன.

அன்று முதல்தான் சேப்பங்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கிறது, புளி விட்டால் அடங்குகிறது. அன்று முதல்தான் கொல்லைத் தண்ணீர் வெளியேறும் வாயில் சேம்பை ஊன்றுகிறார்கள். கிழங்கெடுக்கிற நாளில் எவ்வளவு பசியானாலும் ஒரு தூரை மட்டும், வடிகால் வாயில் நிற்கட்டும் என்று, தோண்டாமல் விட்டுவைக்கிறார்கள்.