மன்னர் உட்கார்ந்த களிமண்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், சைக்கிள் பைத்தியம் பிடித்த ஒரு மன்னர் இருந்தார். கப்பல்காரன் ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த வண்டி அது. தெருக்கோடிவரை போனால் சுகம். எல்லைக் கோட்டைவரை போனாலோ இருக்கை குத்திக் குத்தி உயிரை வாங்கியது. தோல் தைப்பவர்கள் இலவம்பஞ்சை அடைத்து அடைத்துப் பார்த்தார்கள். மெத்தை உயர உயர வலியும் கூடியது. தைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பாதாளச் சிறைக்குப் போனார்கள். காற்றே நுழையாத கூடத்தில் அந்த வண்டியின் சக்கரம் தானாகச் சுற்றுகிறது என்று காவலர்கள் முணுமுணுத்தார்கள்.

அளவெடுத்துத் தைத்தால் தீர்ந்தது என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்த நாட்டில் மன்னரின் உடம்பை ஒரே ஒரு முறைதான் அளப்பார்கள், பாடை கட்டுவதற்கு. உயிரோடு இருப்பவரை அளந்தால் அளந்தவனின் தலை போகும்.

அது தெரிந்தேதான், விகடகவி மாசிலாமணியைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் அரிகேசரி சபையில் எழுந்தார். "அரசே, நம் விகடகவியின் அறிவுக்கு இது எம்மாத்திரம்? அமாவாசைக்குள் நல்ல இருக்கை செய்து தரட்டும். தவறினால் தலையை வாங்கிவிடலாம்."

மன்னர் தலையாட்டினார். மாசிலாமணி வணங்கிவிட்டு வெளியேறினான்.

மறுநாள் மத்தியானம் அவன் நந்தவனத்துக் கல்மேடையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி, மெல்லிய பட்டுத்துணியை விரித்து மன்னரை அழைத்தான். "வெயில் கொடுமை, அரசே. குளிர்ச்சியாக இருக்கும், சற்றே அமருங்கள்."

மன்னர் அமர்ந்தார். மரத்துக் கிளிகள் ஏனோ கத்துவதை நிறுத்திவிட்டன. அவர் எழுந்ததும் மாசிலாமணி துணியை விலக்கினான். மண்ணில் இரண்டு குழிகள், மண்டையோட்டின் கண்களைப் போல மேலே பார்த்தன.

"என்ன இது?" என்று கேட்டார் மன்னர்.

"தங்கள் எலும்பு ஊன்றும் இடம், அரசே. பஞ்சில் எலும்பு புதைந்து சதை நசுங்குகிறது. இந்த அகலத்துக்குக் கெட்டித் தோல் போதும்."

வேவு பார்த்து நின்ற அரிகேசரி பாய்ந்து வந்தார். "மன்னரை அளந்துவிட்டான்! பாடைக்கு அளவு எடுத்துவிட்டான்!"

மன்னரின் முகம் வெளுத்தது.

மாசிலாமணி கைகூப்பினான். "நான் அளப்பது மண்ணை. மண்ணில் விழுந்த தடமும் மன்னர்தான் என்றால், அமைச்சர் இப்போது மிதித்துக்கொண்டு நிற்பது யாரை?"

அரிகேசரி குனிந்து பார்த்தார். களிமண் சிந்திய ஈரத் தரையில் மன்னரின் காலடித் தடத்தின் மேலேயே அவருடைய செருப்பு இருந்தது. அவர் துள்ளி விலகிய விதத்தைக் கண்டு மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார்.

சிறையிலிருந்து விடுபட்டவர்கள் தைத்த இருக்கையில் மன்னர் எல்லைவரை போய் வலியில்லாமல் திரும்பினார். ஆனால் அன்று முதல், எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் அவர் அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.