கறிவேப்பிலை தராசில் ஏறாத கதை

அந்தக் காலத்தில் எருமை பேசும், குரங்கு பேசும். எப்படி என்று கேட்காதீர்கள். பேசும், அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் ஒரு சந்தை. தராசு குரங்கின் கையில். ஒரு செம்பு பாலுக்கு இரண்டு சேர் கத்தரிக்காய். ஒரு காய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடக் கொடுத்தவருக்குச் சந்தையில் இடமில்லை. அங்கே சண்டையே வராது. பேச்சும் கிடையாது. எடை சரியானதும் அவரவர் வழி. யார் பேரும் யாருக்கும் தெரியாது.

கத்தரிக்காய் விற்கிறவள் சடைச்சி. ஒரு நாள் விடியும்போது அவள் தோட்டத்து வாய்க்கால் கரை உடைந்தது. பாதிச் செடி முழுகிவிட்டது. ஒற்றை ஆளாய் அடைக்க முடியவில்லை. கிடைத்த காயைப் பறித்துக்கொண்டு சந்தைக்கு ஓடி வந்தாள்.

"உச்சிக்குள்ள அடைக்காட்டி மீதியும் போயிடும். யாராவது வாங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. வாடிக்கை எருமை செம்பை நீட்டியது.

"பத்து வருஷமா உன்கிட்ட வாங்குறேன். என்னைக்காவது பாலைக் குறைச்சேனா?"

"இல்லை."

"நீ காயைக் குறைச்சியா?"

"இல்லை."

"அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன இருக்கு? காயைப் போடு."

சடைச்சி காயை அள்ளித் தட்டில் போட்டாள். அழவில்லை. குரங்கு நிறுத்தது. தட்டு இரண்டும் சமமாய் நின்றன. அப்போது, காய் வாடாமல் மேலே மூடியிருந்த கறிவேப்பிலையில் ஒரு கொத்தை ஒடித்து எருமையின் கூடையில் போட்டாள்.

எருமை மிரண்டது. "இது என்னத்துக்கு?"

"சும்மா."

"கரை அடைக்க வரணுமா?"

"வந்தா வா, வராட்டிப் போ. கொடுத்தது கொடுத்ததுதான்."

"வெளியே போடி!" குரங்கு கத்தியது. "இனி இந்தப் பக்கம் வராதே!"

"உன் தராசை நீயே கட்டிக்கிட்டு அழு." கையோடு கொண்டுவந்திருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தாள். ஒருத்தியாகவே அடைப்பது என்று முடிவு.

எருமைக்குக் கால் ஓடவில்லை. காய்க்குப் பால் சரி. இந்த இலைக்கு? விலையே இல்லாததை எதை வைத்துத் தீர்ப்பது? பின்னாலேயே ஓடியது.

"ஏம்மா, உன் பேர் என்ன?"

"சடைச்சி. பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"தோணலையே."

"நின்னு பேச நேரமில்லை. வர்றியா?"

வந்தது. உடைப்பின் குறுக்கே படுத்தது. தண்ணீர் நின்றது. அவள் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டாள். உச்சிக்கு முன்னால் கரை எழும்பிவிட்டது. பாதித் தோட்டம் பிழைத்தது.

மறுநாள் சடைச்சி சந்தைக்கு வெளியே, பாதையோரம் கூடையை இறக்கினாள். வாங்க வந்தவரிடம் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், ஒரு கொத்து போட்டாள். ஒரு மாதத்தில் குரங்கும் தராசும் மட்டும் உள்ளே இருந்தன.

அன்று முதல்தான், காய்க்காரர் எடை போட்டு முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுகிறார். அதற்கு மட்டும் தராசு கிடையாது.